வெந்நீரில் கரையாத சவ்வு

வேலையின் கடைசி நாளன்று, டீ நேரத்தில் லேபில் இருந்த பிள்ளைகள் நான்கு பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அக்கா, பத்துல ஒரு பீஸ மட்டும் திரும்ப ஆசிட்ல ஊறவச்சு, திரும்ப வெந்நீர்ல போடச் சொல்லுது ஷீட்டு. ஏற்கெனவே பாஸான பீஸுதானக்கா? மூணு நாள் வேஸ்டு. யாருக்கா இத எழுதி வச்சது?"

நான்தான் என்றேன். ஏன் என்று சொல்ல அந்த டீ நேரம் போதவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

முப்பத்து மூன்று வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனால் நான் பதினோரு வருடம் செய்த வேலை எங்கள் கம்பெனியில் இப்போது இல்லை. கண்ணாடித் தட்டில் கையால் சவ்வு ஊற்றும் மேசையை எடுத்துவிட்டு, சுருள் சுருளாக ஊற்றித் தரும் இயந்திரத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல இயந்திரம். வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குத் திட்டமிடல் பிரிவில் ஒரு நாற்காலி தந்தார்கள். நாற்காலி வேண்டாமென்று, தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பயிற்றுநராகச் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு வல்லம் வடகால் ஓரத்தில். அப்பாவுக்கு லாரியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மா பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். இருவருமே பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவை கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். வேதியியலில் பட்டம் வாங்கி, ஒரகடத்தில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதை அம்மா துவைத்து, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட்டாள். பின்பக்கக் கொடி அன்று காலியாகத்தான் இருந்தது. அந்தக் கர்வம் எனக்கும் உண்டு, இன்றும் உண்டு. கீழே சொல்லப்போகும் விஷயத்தில் அதற்கும் பங்கு இருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. ஒன்றரை வருடம் கண்ணாடித் தட்டு கழுவினேன். பிறகு ஊற்ற விட்டார்கள்.

வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஃபியூல் செல் என்பது ஹைட்ரஜனிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கலம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. ஹைட்ரஜன் அணுவின் மின்னேற்றம் கொண்ட கருவை மட்டும் இந்தச் சவ்வு கடக்க விடும், வாயுவை விடாது. இந்த வேலையைச் செய்வது சவ்வின் மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் அமிலக் குழுக்கள். அவை வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். ஆனால் அதே குழுக்கள்தான் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கவும் வைக்கும். கலம் சூடாகும்போது சவ்வு ஊதிப்போய், கூழாகி, கிழிந்துவிடும். அதைத் தடுக்க வேண்டுமானால் நீளநீளமான மூலக்கூறு இழைகளைக் குறுக்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் குறுக்குப் பிணைப்பு. கட்டுக்கு உதவும் ஒரு ரசாயனத்தைக் கரைசலிலேயே கலந்து, காய்ந்த பிறகு சூடு கொடுத்தால் முடிச்சு விழும். ஒரு சிக்கல், எங்கள் முறையில் முடிச்சு விழுவதே அந்த அமிலக் குழுக்களைத் தின்றுதான். முடிச்சு குறைந்தால் கூழ். கூடினால் அப்பளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

செய்முறை இப்படி. மஞ்சள் தூளைக் கரைப்பானில் போட்டு ஒரு ராத்திரி முழுக்க இயந்திரம் கலக்கும். காலையில் கரைசல் தேன் மாதிரி இருக்கும். குமிழி போகும்வரை காத்திருந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, கத்தியால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால்கூடக் கோடு விழும். மிதமான சூட்டில் ஒரு நாள் காய்ந்ததும், காற்றை உறிஞ்சி எடுத்த அடுப்பில் நூற்றைம்பது டிகிரியில் முடிச்சு விழ வைக்க வேண்டும். ஆறிய தட்டைத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஓரம் தானாக எழும்பும். பிறகு ஒரு நாள் அமிலத்தில் ஊறல். அமிலம் போகும்வரை அலசல். கடைசியாக எண்பது டிகிரி வெந்நீரில் ஒரு நாள். அதில் உருக்குலையாமல் நின்றால் அடுத்த சோதனைகளுக்குப் போகும். கூழானால் குப்பைக்குப் போகும்.

எங்கள் மேலதிகாரி ரெஜினா மேடம். ஐம்பதை ஒட்டிய வயது, ஸ்ரீபெரும்புதூர்க்காரர். யாரையும் நீங்க என்றுதான் சொல்வார், கண்ணாடி கழுவுகிறவளையும். ஒரு துண்டைக் காட்டினால் துண்டைப் பார்க்க மாட்டார். முதலில் ஷீட்டை, அதாவது செய்முறையும் அதன்படி செய்ததும் எழுதிய தாளை, வாங்கிப் படிப்பார். அதில் மேலெழுதித் திருத்தியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது அடியில் தெரிய வேண்டும். யோசிக்கும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

நான் சேர்ந்த நான்காவது வருடத்தின் கடைசியில் இசக்கியம்மாள் வந்தாள். சங்கரன்கோவில் பக்கம். கெமிக்கல் டிப்ளமா. ஒரு வருட ஒப்பந்தம். வடக்குப்பட்டில் ஒரு அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். அவள் சேர்ந்த வாரம் தம்பி கல்யாணத்துக்காக நான் லீவில் இருந்தேன். அதனால் ஷீட்டை வைத்து மேடமே அவளுக்கு ஒவ்வொரு படியும் சொல்லிக் கொடுத்தார். இந்தச் சின்ன விஷயத்தில்தான் எல்லாம் இருந்தது.

குறுக்குப் பிணைப்புச் சவ்வுகளை நாங்கள் இரண்டு பேரும் ஒரே கரைசலிலிருந்து, ஒரே மேசையில், மாற்றி மாற்றிச் செய்தோம். என் துண்டுகள் வெந்நீரில் நின்றன. அவளுடையவை கூழாயின. மேடம் உடனே நம்பிவிடவில்லை. இருவரையும் மூன்று தடவை திரும்பச் செய்ய வைத்தார். மூன்று தடவையும் அப்படியே. திரும்பத் திரும்ப வந்தால் உண்மை என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. தப்பும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் கைவாகு என்றார்கள். தண்ணீர் பிளாண்டைப் பார்த்துக்கொள்ளும் பாபு அண்ணன் ஒரகடத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"இன்னா இசக்கி, இன்னிக்கும் கஞ்சி காச்சிட்டியா? கேன்டீன்ல குடுத்தா ஊறுகா வச்சிக் குடிச்சிருவாங்கோ. அமுதா கையப் பாரு. அது தொட்டா வெந்நீருக்கே பயம்மா கீது."

இசக்கி கூழைக் கம்பியால் வழித்தெடுத்து, எடை போட்டு, ஷீட்டில் எழுதுவாள். நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது. என் துண்டுகளின் முடிவுகளை வைத்து மேடம் அறிக்கை எழுதி, வெளியூரில் இருந்த வாடிக்கையாளருக்கு அனுப்பினார். எனக்கு நிரந்தரப் பணி ஆணை தயாராகிறது என்று தெரிந்தது. அதே வாரம், ஒப்பந்தம் நீட்டிக்க வேண்டாதவர்களின் பட்டியலில் இசக்கியின் பெயர் இருப்பதும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை பட்டியல் மனிதவளப் பிரிவுக்குப் போகும். அதில் இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் அவள் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை நான் மேடத்திடம் போய், ஒரு நாள் அவளை என் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொரு படியும் சேர்ந்து செய்கிறேன், எங்கே தவறுகிறாள் என்று கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். இரக்கம் இருந்தது. என் கையை இன்னொருத்திக்குக் காட்டப்போகும் பெருமையும் இருந்தது. முன்பே சுட்டு, அமிலத்தில் ஊறியிருந்த துண்டுகள் ஆளுக்கு இரண்டு இருந்தன. ஊற்றும் மேசையில் அவள் இழுப்பைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நிதானம். அமிலத் தொட்டியிலிருந்து துண்டை எடுத்தோம். நான் வழக்கம்போல இடது பக்கக் குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் துண்டைக் காட்டினேன். இசக்கி வலது பக்கம் இருந்த டிஐ தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போனாள். டிஐ என்பது உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர்.

"அக்கா, அது போர் தண்ணிலா?" என்றாள்.

"மொத தண்ணிதான? ஆசிட் சட்டுனு போயிரும். அப்புறம் டிஐல அலசிக்கலாம்."

"ஷீட்ல டிஐன்னுதான போட்டிருக்கு. மேடம் அப்படித்தான் சொல்லித் தந்தாவ."

"ஷீட்டுல ஆயிரம் இருக்கும். பாபு அண்ணன் டேங்க் காலின்னு கத்துறது உனக்குத் தெரியாது."

அது பொய்யில்லை. நான் புதிதாக ஊற்றத் தொடங்கிய காலத்தில் பாபு அண்ணன் தினமும் வந்து நிற்பார். காலையிலேயே டிஐ தண்ணீரைத் தீர்த்துவிட்டால் இரண்டாம் ஷிஃப்டுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பார். அதற்காக நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்: முதல் அலசல் குழாயில், பிறகு குழாய்த் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன், வந்து டிஐ தண்ணீரில் கடைசி அலசல். தண்ணீரை மிச்சம் பிடித்த கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட பழக்கம் அது.

இசக்கி தன் துண்டை டிஐ தண்ணீரில் அலசத் தொடங்கினாள். நான் தொட்டியில் துண்டைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். அப்போதுதான் கழுவும் தொட்டியைப் பார்த்தேன். போர் தண்ணீர் விழுகிற இடமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏடு பிடித்திருந்தது. வாரம் ஒரு தடவை மீந்த அமிலத்தை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். எத்தனையோ சனிக்கிழமை நானே ஊற்றியிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்திலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு என்றால் கால்சியம். கால்சியத்துக்கு இரண்டு கை. சவ்வின் அமிலக் குழுக்கள் இரண்டை அது கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டால் அதுவும் முடிச்சு மாதிரிதான். ஊதாது. கூழாகாது. அமிலக் குழுக்களின் எண்ணிக்கையும் குறைந்ததாகத்தான் காட்டும், ஏனென்றால் அவை கால்சியத்தால் அடைபட்டிருக்கும். நாங்களோ முடிச்சு விழுந்ததால்தான் குறைந்தது என்று எழுதி வைத்திருந்தோம். எல்லாச் சோதனையும் இரண்டு கதைக்கும் பொருந்தியது.

செவ்வாய்க்கிழமை காலை, அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்த என் இரண்டாவது துண்டை நடுவில் வெட்டினேன். ஒரு பாதியை என் வழக்கப்படி குழாய்த் தண்ணீரிலும், மறு பாதியை டிஐ தண்ணீரில் மட்டும் அலசினேன். இரண்டையும் ஒரே சூட்டில் தனித்தனிக் குவளைகளில் வெந்நீரில் போட்டேன். சாயங்காலம் டிஐ பாதி கூழாகியிருந்தது. குழாய்ப் பாதி விறைப்பாக, கம்பியால் தூக்கினால் தலை நிமிர்ந்து நின்றது.

ஒரே துண்டு. ஒரே கை.

அந்தக் கூழை வழித்துக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். பஸ்ஸில் வீடு போகும்வரை நினைத்தேன். எனக்கு ஆணை வரும், இசக்கி போய்விடுவாள், அடுத்து வருகிறவளுக்கு நான் என் பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பேன், எல்லாத் துண்டும் நிற்கும். கலத்துக்குள் போனபிறகு மெல்ல மெல்ல மின்சாரம் குறையும். அது யாருடைய மேசையிலோ, எந்த ஊரிலோ நடக்கும்.

புதன்கிழமை, நின்ற பாதியை மறுபடி அமிலத்தில் போட்டேன். வியாழக்கிழமை காலை எடுத்து, டிஐ தண்ணீரில் மட்டும் அலசி, வெந்நீரில் விட்டேன். மூன்று மணிக்குப் பார்த்தேன். கஞ்சி. அமிலம் கால்சியத்தை வெளியேற்றியதும் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. எட்டு மாதமாக என் கையால் ஒரு முடிச்சுகூட விழவில்லை.

நான்கு மணிக்கு இரண்டு குவளைகளையும் ஒரு தட்டில் வைத்து மேடத்தின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல ஷீட்டைக் கேட்டார். கொடுத்தேன். முதல் அலசல் என்ற வரியில் நான் எட்டு மாதமும் டிஐ என்றே எழுதியிருந்தேன். அன்றைய ஷீட்டில் மட்டும் குழாய் என்று இருந்தது. படித்து முடித்துவிட்டுக் குவளைகளைப் பார்த்தார். பேனா மூடிச் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா குழாய்த் தண்ணி?"

"ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து, மேடம்."

"இசக்கி?"

"ஒரு நாள்கூட இல்ல. அவங்க ஷீட்ல இருக்கறபடிதான் செஞ்சாங்க. லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கக் கூடாது, மேடம்."

மூடி கழன்றது, விழுந்தது, கழன்றது.

"ரிப்போர்ட் போயிடுச்சு, அமுதா."

"தெரியும் மேடம்."

"பழைய ஷீட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. எதெல்லாம் நிக்குது, எதெல்லாம் நிக்கலன்னு ஒண்ணு ஒண்ணாப் பார்க்கணும்." ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நானும் ஷீட்டத்தான் பார்த்தேன். சிங்க்குப் பக்கத்துல வந்து நின்னதில்ல" என்றார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். "வாபஸ் லெட்டர் நான் எழுதிடறேன்."

"நான் எழுதறேன் மேடம். அலசினது நான்."

என் பெயரில் கம்பெனிக்கு வெளியே போன முதல் கடிதம் அது. ஆங்கிலத்தில் ஒன்பது வரி. முன்பு அனுப்பிய முடிவுகள் தவறு, சவ்வுகளில் கால்சியம் ஏறியிருந்தது, காரணம் என் அலசல் முறை, திருத்திய முடிவுகளைச் சோதித்த பின் அனுப்புவோம். மேடம் ஒரு வரிகூட மாற்றவில்லை, கீழே தன் பெயரையும் சேர்த்தார். வீட்டில் அம்மாவிடம் ஒரு கடிதம் எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். "உன் பேரு போட்டா எழுதின?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றாள். என் பணி ஆணை ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவளிடம் பிறகுதான் சொன்னேன்.

பாபு அண்ணன் மட்டும் மறுநாள் காலை கேட்டருகே பிடித்துக்கொண்டார்.

"இன்னா தாயி, டேங்க் காலின்னு நான் கத்தினத வேற சொல்லிட்டியா? எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது."

"சொல்லல அண்ணே. குழாயத் தெறந்தது நான்தானே."

"கத்தினேன்தான். அதுக்குன்னு போர் தண்ணில போடச் சொன்னனா?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் சிங்க்கின் இடது குழாயைக் கம்பியால் கட்டி வைத்தது அவர்தான்.

இசக்கியிடம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பட்டியல் அவள் பெயர் இல்லாமல் போய்விட்டிருந்தது. அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். முகம் மாறவில்லை.

"எட்டு மாசம்க்கா" என்றாள். "ரூம்ல ராத்திரி எங்கைய நானே பாத்துக்கிட்டு கெடந்திருக்கேன். கை நடுங்குதான்னு."

"தப்புதான் இசக்கி."

"நீங்க சிரிச்சீகல்லா, பாபு அண்ணன் சொல்லையில."

"சிரிச்சேன்."

ஒரு கவளம் சாப்பிட்டாள். இன்னொன்று. மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரும் எடுக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, யாரோ மூன்றாம் ஆளிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"சரி. நான் செஞ்சது சரிதான்னாலும் என் பீஸும் கரையத்தான செய்யுது? அப்பம் எழுதி வச்சிருக்கதுல எங்கனயோ கோளாறு. சூடு பத்தல. வாங்க, அடுப்பப் பாப்போம்."

அடுப்பின் முகப்பில் நூற்றைம்பது என்று காட்டியது. எப்போதும் அப்படித்தான் காட்டும். அவள் ஒரு மெல்லிய வெப்பமானிக் கம்பியைச் சவ்வு ஊற்றும் கண்ணாடித் தட்டின்மேலேயே ஒட்டி, கதவை மூடி, காற்றை உறிஞ்ச விட்டாள். ஒரு மணி நேரம் இருவரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நூற்றுப் பதினேழைத் தாண்டவில்லை.

காரணம் தட்டுக்கு அடியில் இருந்தது. சுடச்சுட எடுக்கும்போது விரல் நுழையட்டும் என்று, ஒவ்வொரு தட்டுக்கும் கீழே நான்கு இரும்பு நட்டுகளை முட்டுக்கொடுத்து வைப்போம். யார் தொடங்கியது என்று தெரியாது, எல்லாரும் வைப்போம். உள்ளே காற்று இருக்கும் சாதாரண அடுப்பில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. காற்றில்லாத அடுப்பில் சூடு தட்டுக்குப் போவதே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் வழியாகத்தான். நான்கு நட்டு வழியாக எவ்வளவு போகும்? முடிச்சு விழத் தேவையான சூட்டை அந்தச் சவ்வுகள் கண்டதே இல்லை.

நட்டுகளை எடுத்து எறிந்தோம். தட்டு நேராக அடுக்கில் உட்கார்ந்தது. முதல் சுற்று எரிந்து பழுப்பேறி, உரிக்கும்போது அப்பளமாக நொறுங்கியது. சூட்டைக் குறைத்தோம். கூழ். நேரத்தைக் கூட்டினோம். ஓரம் அப்பளம், நடுவில் கூழ். கண்ணாடித் தட்டு லேசாக வளைந்திருந்ததால் நடுப்பாகம் அடுக்கைத் தொடவில்லை. தட்டையே மாற்றினோம். கட்டும் ரசாயனத்தின் அளவைக் குறைத்தோம், கூட்டினோம். ஒவ்வொரு துண்டும் வெந்நீருக்குப் பிறகு அமிலத்துக்குப் போனது, அமிலத்திலிருந்து மறுபடி வெந்நீருக்குப் போனது. எல்லாத் துண்டையும் அப்படிச் சோதித்தோம். பத்தில் ஒன்று என்று குறைத்து ஷீட்டில் எழுதியது வெகு பின்னால்.

அந்த நாட்களில் இசக்கி என்னோடு வேலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நான் அலசும்போது மட்டும் தன் வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பாள். என் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். முதல் வாரம் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு அவள் வரும்வரை நானே அலசாமல் காத்திருக்கத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் நீட்டித்த கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கரைசலில் குமிழி போய்விட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

நான்காவது மாதம் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று ஐந்து நாள் லீவில் போனாள். போகும் முன் இருவரும் சேர்ந்து ஒரு தட்டு ஊற்றியிருந்தோம். சுட்டு, உரித்து, ஊறவைத்து, அலசியது நான் தனியாக. அலசும்போது பக்கத்தில் யாரும் இல்லை. வலது பக்கம் பீப்பாயிலிருந்துதான் எடுத்தேன். அந்தத் தட்டிலிருந்து வெட்டிய துண்டுகள் வெந்நீரில் நின்றன. அமிலத்தில் போட்டேன். திரும்ப வெந்நீரில் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் கம்பியால் தூக்கினேன். கொஞ்சம் ஊதியிருந்தது, கூழாகவில்லை. விரலில் சுற்றினேன், ஒடியவில்லை. கரைப்பானில் போட்டேன், அங்கேயும் கரையவில்லை.

இசக்கிக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"இசக்கி, நிக்குது."

"என்னதுக்கா? சத்தமா சொல்லுங்க."

"பீஸு நிக்குது. கரையல."

மேளம் தூரமானது. எங்கோ ஒதுங்கி வந்திருக்கிறாள்.

"ஆசிட்ல போட்டீகளா?"

"போட்டேன். அதுக்கப்புறமும் நிக்குது."

"எத்தன பீஸு?"

"அஞ்சு. ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன், ஆசிட்ல ஊறுது."

மேளம் இன்னும் தூரமானது.

"அக்கா" என்றாள். "கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நான் திங்கக்கெழம வாரேன். மிச்சம் இருக்கத நானே அலசி, நானே போட்டுப் பாக்கேன். அதுவரைக்கும் மேடம்ட்ட சொல்ல வேண்டாம்."

நான் சரி என்றேன். சனிக்கிழமை ரெஜினா மேடம் மேசைப் பக்கம் வந்து, என்ன நிலவரம் என்று கேட்டார். திங்கட்கிழமை சொல்கிறோம் மேடம் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். ஷீட்டைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை இசக்கி வடக்குப்பட்டு அறைக்குக்கூடப் போகவில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த பையைப் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு, ஏழே முக்காலுக்கு லேபில் இருந்தாள். நெற்றியில் திருநீறு. கையுறை போட்டாள். மிச்சம் வைத்திருந்த துண்டை அமிலத்திலிருந்து எடுத்தாள். நான் பீப்பாய்ப் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான்கு தடவை தண்ணீர் மாற்றி அலசினாள். வெந்நீரில் விட்டாள். நேரத்தை எழுதினாள்.

மறுநாள் அதே ஏழே முக்காலுக்குக் கம்பியால் தூக்கினாள். துண்டு தொங்கியது, முழுசாக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள். மெல்ல மடக்கி, திரும்ப விரித்தாள். எட்டு மாதம் கூழ் வழித்த பிறகு அவள் கையில் நின்ற முதல் துண்டு. அவள் ஷீட்டை இழுத்து, நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். நானும் அதற்குக் கீழே போட்டேன்.

நான் வெந்நீரைச் சூடாக்கும் தட்டின் விசையை அணைக்கக் கை வைத்தேன்.

"அணைக்காதீகக்கா" என்றாள். "அந்தத் தட்டுல இன்னும் ரெண்டு எடம் வெட்டாம இருக்கு. அதையும் போட்டுட்டு, மேடத்தக் கூப்பிடுவோம்."